கொலுசுப் பட்டறையும் கோடிங் கம்பெனியும்: ஓர் ஊரில் ஸ்டார்ட்அப்கள் எப்படிக் கூட்டமாக முளைக்கின்றன?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் நீங்கள் வாங்கும் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு, கடைக்கு வருவதற்கு முன் நாலைந்து வீட்டுப் படி ஏறி இறங்கியிருக்கும். ஒரு வீட்டில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார்கள். இன்னொரு வீட்டில் டை என்ற அச்சை வைத்துப் பூவும் சலங்கையும் அடிப்பார்கள். பற்ற வைப்பது வேறொரு வீடு. பாலீஷ் போடுவது அடுத்த தெரு. சிவதாபுரத்தில் என் தாய்மாமா பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவில், பாதி வேலை முடிந்த கொலுசுகளைத் துணியில் சுற்றித் தூக்குவாளியில் வைத்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

ஒரு நாள் டையின் விளிம்பு தேய்ந்து, அடித்த பூவெல்லாம் பிசிறு பிசிறாக வந்தது. மறுநாள் சரக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருந்த டை வெட்டுகிறவரைக் கூட்டிவர மாமா என்னை அனுப்பினார். அவர் வந்தார், டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அரத்தால் நாலு இழுப்பு இழுத்தார். "தகடு கனமா போட்டு அடிக்கிறீங்கண்ணே, அதான் வாய் மழுங்குது. கொஞ்சம் மெலிசா போட்டுப் பாருங்க" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே அந்த விஷயத்தை மாமா எதிர்ப் பட்டறைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்ப் பட்டறை அவருக்குப் போட்டிதான். ஆனாலும் சொன்னார். நாளைக்கு அவரிடம் இவரும் ஏதாவது கேட்க வேண்டி வருமே.

ஒரே தொழிலையும் அதற்குத் துணையான தொழில்களையும் செய்பவர்கள் ஓர் ஊரில் நெருக்கமாகக் கூடிவிடுவதைத்தான் கிளஸ்டர் என்கிறார்கள். தமிழில் தொழில்திரள் என்று சொல்லலாம். நமக்கு இது புதிதே இல்லை. திருப்பூர் பனியன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோடு ரிக் வண்டி, நாமக்கல் லாரி பாடி, சிவகாசி தீப்பெட்டி எல்லாமே தொழில்திரள்தான். கம்ப்யூட்டர் கம்பெனிகள் குவிந்திருக்கும் அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு, பெங்களூரு என்று பேசும்போது மட்டும் அது ஏதோ வேறு உலகத்து விஷயம் மாதிரித் தோன்றுகிறது. அடிப்படை ஒன்றுதான். எங்கே ஒன்றாக இருக்கிறது, எங்கே வேறுபடுகிறது என்பதைப் பார்த்துவிட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1890-லேயே இதை விளக்கிவிட்டார். இங்கிலாந்தின் ஷெபீல்டில் கத்தி, கரண்டி செய்பவர்கள் ஏன் ஒரே ஊரில் குவிந்து கிடக்கிறார்கள் என்பது போன்ற கேள்விகளுக்கு அவர் மூன்று காரணங்கள் சொன்னார். வேலை தெரிந்த ஆட்கள் அங்கே கிடைப்பார்கள், அந்த ஆட்களுக்கும் ஒரு முதலாளி இல்லையென்றால் இன்னொரு முதலாளி கிடைப்பார். அந்தத் தொழிலுக்கு மட்டுமே வேண்டிய கருவி, உதிரிச் சாமான், ரிப்பேர் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். மூன்றாவது, தொழில் ரகசியம் ரகசியமாக நிற்காது. அது ஊர்க் காற்றிலேயே கலந்திருக்கும், குழந்தைகள்கூடத் தெரியாமலே கற்றுக்கொள்வார்கள் என்று சொன்னார். தூக்குவாளியோடு நடந்த எனக்கு அந்த மூன்றாவது காரணத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, முதல் விதை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தற்செயலாக. நம் ஜில்லாவின் ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்து மாணிக்கம் செட்டியார் கருவாட்டு வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வருபவர். அங்கே பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்ற வியாபாரியைச் சந்தித்தார். ஷாவுக்கு மரவள்ளி மாவும் ஜவ்வரிசியும் செய்யும் முறை தெரியும். இரண்டாம் உலகப்போரால் வெளிநாட்டிலிருந்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் வருவது நின்றிருந்த நேரம். 1943 வாக்கில் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, இடித்து, பால் எடுத்து, குருணை உருட்டி வறுக்கும் வேலை இங்கே குடிசைத் தொழிலாகத் தொடங்கியது. செட்டியார் வேறொரு ஊர்க்காரராக இருந்திருந்தால் சேகோ என்கிற ஜவ்வரிசி பேக்டரிகள் அங்கே வந்திருக்கலாம்.

தற்செயல் விதை போடும், அவ்வளவுதான். வளர மண் வேண்டும். இங்கே சுற்றுவட்டாரத்தில் கிழங்கு விளைந்தது, காயவைக்கக் களமும் வெயிலும் இருந்தன, மிஷினைத் திருத்தித் திருத்தி வேகம் கூட்டிய மெக்கானிக்குகளும் இருந்தார்கள். 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது, ஆலைக்காரர்கள் தனித்தனியாக வியாபாரிகளிடம் சிக்காமல் ஓரிடத்தில் சரக்கை வைத்து விற்க முடிந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

சிலிக்கான் பள்ளத்தாக்கின் கதையும் இதே மாதிரிதான். மின்னணுக் கருவிகளுக்கு அடிப்படையான டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான வில்லியம் ஷாக்லி 1956-ல் கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில் கம்பெனி தொடங்கினார். அங்கே ஏன் போனார் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, பக்கத்துப் பாலோ ஆல்டோவில் அவருடைய வயதான அம்மா இருந்தார். மண்ணும் அங்கே தயாராக இருந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் டெர்மன் என்ற பேராசிரியர் தன் மாணவர்களை வேறு ஊருக்கு வேலை தேடிப் போகாமல் அங்கேயே தொழில் தொடங்கச் சொல்லித் தூண்டிக்கொண்டே இருந்தார். அப்படித் தொடங்கியவர்கள்தான் 1939-ல் ஹியூலெட்டும் பேக்கார்டும். 1951-ல் பல்கலைக்கழக நிலத்திலேயே தொழிற்பூங்கா வந்தது.

இனிமேல் வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படும் இடம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஷாக்லி பெரிய விஞ்ஞானி, ஆனால் அவரிடம் வேலை பார்ப்பது கஷ்டம். 1957-ல் அவருடைய ஆட்களில் எட்டுப் பேர் ஒன்றாக வெளியே வந்து ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்தக் கம்பெனியிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். எட்டுப் பேரில் இருவரான ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968-ல் இன்டெல் தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஃபேர்சைல்டிலிருந்து வந்தவர்கள் ஏஎம்டி தொடங்கினார்கள். எட்டுப் பேரில் இன்னொருவரான யூஜின் கிளைனர் 1972-ல் புதுக் கம்பெனிகளுக்கு மூலதனம் கொடுக்கும் கம்பெனி ஆரம்பித்தார். ஃபேர்சைல்டிலும் இன்டெல்லிலும் வேலை பார்த்த மைக் மார்குலா, தன் இன்டெல் பங்குகளில் சம்பாதித்த பணத்தோடு 1977-ல் ஆப்பிளுக்குள் வந்தார், எப்படித் தொழில் நடத்துவது என்று அதைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற இரண்டு இளைஞர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

ஷாக்லியின் கம்பெனி உருப்படவில்லை. ஆனால் அதை விட்டுப் போனவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. பக்கத்துத் தெருவில் கடை போட்டார்கள். கையில் வேலை இருந்தது, பிறகு பணமும் வந்தது, அந்தப் பணத்தை அடுத்தவர் கம்பெனியில் போட்டார்கள். கிளஸ்டர் வளர்வது என்றால் நான் புரிந்துகொண்டது இதைத்தான்: வேலையை விட்டவர் ஊரை விடாமல் இருப்பது.

அதற்குச் சட்டமும் துணை செய்தது. வேலையை விட்டுப் போனால் இத்தனை வருடம் இதே தொழில் செய்யக்கூடாது என்று முதலாளி எழுதி வாங்கும் ஒப்பந்தம் கலிபோர்னியாவில் செல்லாது. 1872-லிருந்தே அங்கே அப்படித்தான். நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டமும் அதே 1872-ல்தான் வந்தது, அதன் 27-வது பிரிவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. இரண்டுக்கும் மூலம் டேவிட் டட்லி ஃபீல்டு என்ற நியூயார்க் வக்கீல் எழுதிய ஒரே சட்ட வரைவு. ஆக, நம் ஊர்ப் பிள்ளைகள் வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்குவதற்குச் சட்டம் தடையாக நிற்கவில்லை.

எதிர் உதாரணமும் பார்க்க வேண்டும். அதே 1957-ல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பாஸ்டன் பக்கம், டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி ஒரு பழைய கம்பளி மில்லுக்குள் தொடங்கியது. பிரமாதமாக வளர்ந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை கொடுத்தது. அந்தப் பகுதியில் எம்ஐடி என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருந்தது, பணமும் இருந்தது. ஆனால் அங்கிருந்த பெரிய கம்பெனிகள் வேண்டியதையெல்லாம் தங்கள் சுவருக்குள்ளேயே செய்துகொண்டன. வெளியே பேசுவது குறைவு, வெளியே போகிறவர் துரோகி. சிறிய கம்ப்யூட்டர்கள் வந்து காலம் மாறியபோது அந்தக் கம்பெனிகளால் திரும்ப முடியவில்லை. டிஜிட்டல் 1998-ல் விற்கப்பட்டது. இரண்டு பகுதிகளையும் ஒப்பிட்டு 1994-ல் எழுதிய அன்னாலீ சாக்செனியன் என்ற ஆய்வாளர், திறமையிலோ பணத்திலோ பெரிய வேறுபாட்டைப் பார்க்கவில்லை. கம்பெனிகளுக்கு இடையே கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதைத்தான் பார்த்தார்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஏற்காடு போகும் ரோட்டில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் வளைவுதான். எத்தனை முறை அதன் முன்னால் பைக்கை நிறுத்தி இளநீர் குடித்திருப்பேன்! லீட்ஸுக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் அந்த ஸ்டூடியோவைத் தொடங்கினார். அந்தக் காலத்துக்கு அதுதான் ஹை-டெக். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-ல் வந்தது, அதை எடுத்ததும் இந்தச் சேலத்துக் கம்பெனிதான். கதை எழுதுபவரிலிருந்து லைட் பிடிப்பவர் வரை மாதச் சம்பளம், எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். கருணாநிதியும் கண்ணதாசனும் இங்கே எழுதினார்கள், எம்.ஜி.ஆர். இங்கே நடித்தார்.

அப்புறம் அவர்கள் எங்கே போனார்கள்? சென்னைக்கு. காரைக்குடியில் இருந்த ஏவிஎம் கூட 1948-ல் கோடம்பாக்கத்துக்கு மாறிவிட்டது. அங்கே ஒரு ஸ்டூடியோ இல்லையென்றால் அடுத்த ஸ்டூடியோ, ஒரு தயாரிப்பாளர் இல்லையென்றால் அடுத்த தயாரிப்பாளர். எடிட்டருக்கும் டான்ஸ் மாஸ்டருக்கும் மேக்கப் போடுபவருக்கும் பத்து வாசல் இருந்தது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை விட்டு வெளியே வந்தவருக்கு அப்படி வாசல்கள் இல்லை, அவர் ரயில்தான் ஏற வேண்டும். 1963-ல் சுந்தரம் மறைந்தார், ஸ்டூடியோவும் மெல்ல மெல்ல அடங்கிவிட்டது. அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, இந்த ஊரில் அப்படி ஒன்றைக் கட்டியதே பெரிய சாதனை. ஒரு பெரிய நிறுவனம் இருப்பதும் ஒரு கிளஸ்டர் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டிலேயே கண் முன்னால் நடந்த வளர்ச்சி, சென்னையின் மென்பொருள் கம்பெனிகள். ஸ்ரீதர் வேம்பு குழுவினர் 1996-ல் தொடங்கிய கம்பெனி பின்னாளில் ஜோஹோ ஆனது. அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து 2010-ல் ஃபிரெஷ்டெஸ்க் தொடங்கினார். அதுதான் இன்றைய ஃபிரெஷ்ஒர்க்ஸ். 2021-ல் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனபோது, தன் ஊழியர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டதாகக் கிரீஷ் சொன்னார். அந்த ஐந்நூறு பேர் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிலர் வீடு வாங்குவார்கள். சிலர் புதுக் கம்பெனி தொடங்குவார்கள், சிலர் தொடங்குகிறவர்களுக்குப் பணம் கொடுப்பார்கள். கிரீஷே மற்றவர்களோடு சேர்ந்து அதே வருடம் டுகெதர் என்ற முதலீட்டு நிதியைத் தொடங்கினார். அமெரிக்காவில் பார்த்த அதே சங்கிலி, இப்போது சென்னையில்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். கொலுசுக்கு டை வெட்டுபவர் பக்கத்தில் வேண்டும், சரி. மென்பொருளுக்கு எதற்கு? கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் ஆத்தூரில் உட்கார்ந்து அமெரிக்காவுக்கு விற்கலாமே? விற்கலாம், விற்கிறார்கள். ஜோஹோவே தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் அலுவலகம் நடத்துகிறது. ஆனால் எழுதி வைக்க முடியாத விஷயங்கள் சில இருக்கின்றன. முதல் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் எவ்வளவு விலை சொல்வது, எந்த வேலைக்கு எப்போது ஆள் எடுப்பது, எந்த முதலீட்டாளர் பேச்சில் நிற்பார், எவர் கடைசி நேரத்தில் கைவிடுவார். இதெல்லாம் யூடியூபில் கிடைக்காது. ஏற்கெனவே அடிபட்ட ஒருவர் டீக்கடையில் சொன்னால்தான் கிடைக்கும். "தகடு கனமா போடாதீங்கண்ணே" என்ற அந்த ஒரு வரி மாதிரி. உயர்தொழில்நுட்பத்தில் சாமான் பக்கத்தில் இருப்பது குறைந்துவிட்டது, ஆள் பக்கத்தில் இருப்பது அதே அளவு முக்கியமாகவே இருக்கிறது.

முதல் வாடிக்கையாளர் யார் என்பதும் பெரிய விஷயம். ஃபேர்சைல்டின் முதல் டிரான்சிஸ்டர்களை 1958-ல் ஐபிஎம் வாங்கியது, ஒன்று 150 டாலர் என்று நூறு. ஒரு ராணுவ விமானத்தின் கம்ப்யூட்டருக்காக. விலை அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை, வேலை செய்தால் போதும் என்று வாங்கிய அந்த முதல் ஆள் இல்லையென்றால் மீதிக் கதை இல்லை.

அரசாங்கத்தின் பங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் 1909-ல் நிறுவப்பட்டது. 1940-ல் விமானத் தொழிற்சாலை, 1948-ல் தொலைபேசித் தொழிற்சாலை, 1954-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ். அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி அங்கே வந்தது 1985-ல்தான். அதாவது முக்கால் நூற்றாண்டு ஆட்களைத் தயார் செய்த பிறகுதான் உலகம் வந்து கதவைத் தட்டியது. கட்டடம் கட்டியதும் கம்பெனிகள் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த வருடங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேலத்துக்கு வருவோம். 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி கருப்பூரில் இருக்கிறது, தனியார் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. ஜாகீர் அம்மாபாளையத்தில் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் ஐடி பூங்கா. 2024-ல் கருப்பூரில் மினி டைடல் பார்க் திறந்தார்கள். ஸ்டார்ட்அப்களுக்கு உதவும் மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு மூலம் தொடக்க நிதி கிடைக்க வழி இருக்கிறது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் பெங்களூரு 200 கிலோமீட்டர்தான். படித்து முடித்த பிள்ளைகள் ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுகிறார்கள், அங்கே வேலை கற்கிறார்கள், அங்கேயே வேலையை விடுகிறார்கள், அங்கேயே அடுத்த தெருவில் கடை போடுகிறார்கள். நம் ஊரிலிருந்து போனவர்களால் வளர்வது பெங்களூரின் கிளஸ்டர்.

அதனால் சேலம் பெங்களூரைப் போல ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். குச்சிக்கிழங்குக்கு விலை போடுவது பாயிண்ட் கணக்கில், அதாவது கிழங்கில் எவ்வளவு ஸ்டார்ச் இருக்கிறது என்பதை வைத்து. தண்ணீருக்குள் கிழங்கை எடை போட்டு அதைக் கணிக்கிறார்கள். அந்த அளவு சரிதானா என்று விவசாயிக்கும் ஆலைக்கும் வருடா வருடம் மனக்கசப்பு. இருவரும் நம்பும்படி வயலிலேயே பாயிண்ட் சொல்லும் ஒரு கையடக்கக் கருவியை யார் செய்தாலும், அவருக்கு ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் முதல் வாடிக்கையாளர் காத்திருக்கிறார். சங்ககிரி லாரிக்காரருக்கும் திருச்செங்கோடு ரிக் ஓனருக்கும் இதே மாதிரித் தீராத தலைவலிகள் உண்டு. பெங்களூரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தலைவலி காதில் விழாது.

2020-ல் கொரோனாவால் ஊர் திரும்பியவர்களில் என் நண்பர் ஒருவரும் உண்டு. திரும்பிப் போகவில்லை. பேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் பதினான்கு பேரோடு லாரி ஓனர்களுக்கான மென்பொருள் செய்கிறார். போன வருடம் அவரிடமிருந்து இரண்டு பேர் விலகினார்கள். நல்ல வேலைக்காரர்கள், அவருக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அவர்கள் பெங்களூருக்குப் போகவில்லை. அழகாபுரத்தில் ஓர் அறை எடுத்து, ரிக் வண்டிகளின் டீசல் கணக்குக்கு ஏதோ செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நண்பர் தன் அலுவலகத்தில் சும்மா கிடந்த பழைய யுபிஎஸ்ஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார், நானும் கூடப் போனேன். மாடிப்படி குறுகல், பேட்டரி கனம், நாலு பேரும் சேர்ந்துதான் ஏற்றினோம். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி, "திருச்செங்கோட்டுல யாரைப் போய்ப் பார்த்தீங்க?" இன்னும் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். அவர் போனை எடுத்து ஒரு ரிக் ஓனரின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.